குற்றாலம் மலையில் எரிமலை வெடிக்குமா? அருவிப் பாறையே சொல்லும் பதில்

தரையில் ஒரு சின்னக் குழி. அதிலிருந்து புகை. ஓரத்தில் கறுப்பாக, பளபளவென்று உருகி வழிந்து இறுகிப்போன கல். தென்காசி, திருநெல்வேலி பக்கம் எப்போதாவது இப்படியொரு காட்சி கண்ணில் பட்டால் போதும், "நம்ம ஊர்ல எரிமலையாம்" என்று பேச்சு கிளம்பிவிடும்.

இது வாட்ஸ்அப் காலத்து வதந்தி மட்டும் இல்லை. 1998ல், திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் உள்ள அபிஷேகப்பட்டியில் தரைக்குள்ளிருந்து பாறைக் குழம்பு கசிந்ததாகப் பெரிய பரபரப்பு. புவியியல் அறிஞர்கள் மத்தியிலேயே விவாதம் நடந்தது. பூமிக்கு அடியிலிருந்து வந்த குழம்புதான் என்றது ஒரு தரப்பு. உயரழுத்த மின்சாரம் பாய்ந்து மண்ணும் கல்லும் உருகியிருக்கிறது என்றது இன்னொரு தரப்பு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவதில் ஆச்சரியமில்லை. கோடையில் ராத்திரி நேரம் காட்டுத்தீ சிவப்புக் கோடாக மலையில் இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்தால், எரிமலைப் படங்களில் வரும் காட்சி போலவே இருக்கும். கல்குவாரி வெடியில் வீட்டுச் சுவர் அதிர்ந்தால் அந்தப் பயம் இன்னும் கூடும்.

முதலில் சுருக்கமான பதில். குற்றாலத்தில் எரிமலை இல்லை. தென்காசி மாவட்டத்தில் எங்கும் இல்லை. மனிதன் யோசித்துப் பார்க்கக்கூடிய காலத்துக்குள் அங்கே ஒன்று உருவாகவும் வழியில்லை. ஏன் என்பதற்கான ஆதாரம், சீசனுக்கு வருகிற லட்சக்கணக்கான பேர் முதுகைச் சாய்த்துக் குளிக்கிற அருவிப் பாறையிலேயே இருக்கிறது. எரிமலை என்று நினைத்து வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டம் உண்மையில் எதன் பக்கத்தில் நிற்கிறது என்பது வேறு விஷயம். அது எரிமலையைவிட அவசரமானது.

காலுக்குக் கீழே நெருப்புக் கடலா?

பள்ளிப் புத்தகத்தில் பூமியை ஆரஞ்சுப் பழம் போல வெட்டிக் காட்டும் படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உள்ளே முழுக்கச் செக்கச்செவேல் என்று இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, எங்கே தோண்டினாலும் கொஞ்ச ஆழத்தில் லாவா கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நம் மனதில் பதிந்துவிட்டது. எரிமலை பற்றிய குழப்பங்களில் பாதிக்கு இந்தப் படம்தான் காரணம்.

நாம் நிற்கும் மேலோடு இந்தப் பகுதியில் சுமார் 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன். அதற்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது மேன்டில். அங்கே சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டிப் போகும். ஆனாலும் மேன்டில் திரவம் இல்லை, கெட்டியான பாறைதான். கோடிக்கணக்கான வருஷக் கணக்கில் பார்த்தால் மெழுகு போல மெல்ல நகரும், அவ்வளவுதான். உண்மையிலேயே திரவமாக இருக்கும் பெரிய அடுக்கு அதற்கும் கீழே உள்ள இரும்புக் குழம்பு. அங்கிருந்து எந்த எரிமலைக்கும் சரக்கு வருவதில்லை.

பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறுவது உண்மை. உலக அளவில் சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். தென்னிந்தியாவின் பழைய பாறைத் தளத்தில் இந்த வேகம் அதைவிடக் குறைவு. கோலார் தங்கவயல் இதற்குச் சாட்சி. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மனுஷன் நின்று வேலை பார்க்க அது நரகம்தான். ஆனால் பாறையை உருக்க அது எந்த மூலைக்கும் போதாது.

சூடு மட்டும் இருந்தால் எரிமலை வந்துவிடாது. பாறை உருக வேண்டும். கெட்டியான பாறையை உருக வைக்க, பூமிக்குள் சில விசேஷமான சூழ்நிலைகள் அமைய வேண்டும்.

பாறை எப்போது உருகும்?

முதல் வழி, அழுத்தம் குறைவது. பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். மூடி போட்டிருக்கும்போது உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிய பிறகும் ஆவியாகிவிடாமல் தண்ணீராகவே இருக்கும். வெயிட்டைத் தூக்கினால் உடனே குபுகுபுவென்று கொதித்து ஆவியாகும். நாம் புதிதாகச் சூடு எதுவும் ஏற்றவில்லை, அழுத்தத்தைத்தான் குறைத்தோம். மேன்டில் பாறையும் அப்படித்தான். ஆழத்தில் இருக்கிற பயங்கரமான அழுத்தம்தான் அதை உருக விடாமல் கெட்டியாக வைத்திருக்கிறது. அதே சூட்டோடு அந்தப் பாறை மெல்ல மேலே எழுந்து வந்தால், அழுத்தம் குறைந்து ஒரு பகுதி உருகும். அந்த உருகிய குழம்புக்குத்தான் மேக்மா என்று பெயர். அது வெளியே வந்துவிட்டால் லாவா.

பூமியின் மேலோடு ஒரே ஓடு கிடையாது, பல தட்டுகள். இரண்டு தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தில், கீழே உள்ள பாறை மேலே எழுந்து வருகிறது. ஐஸ்லாந்திலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நடப்பது இதுதான். 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹாய்லி குப்பி என்ற எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் மேகம் செங்கடலைத் தாண்டி, அரபிக்கடலைத் தாண்டி டெல்லி வான்வெளி வரை வந்தது. இந்தியாவில் விமானங்கள் ரத்தாகின. எரிமலை எங்கோ இருந்தாலும் டிக்கெட் நம்முடையது.

இரண்டாவது வழி, தண்ணீர். ஐஸ் கட்டி மேல் உப்பைப் போட்டால் என்ன ஆகும்? பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருந்தாலும் உருக ஆரம்பித்துவிடும். பாறைக்கு அந்த உப்பு மாதிரி வேலை செய்வது தண்ணீர். ஒரு கடல் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு இறங்கும்போது, தன் கனிமங்களுக்குள் அடைபட்ட கடல்நீரையும் கூடவே எடுத்துச் செல்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்தத் தண்ணீர் பிழிந்து வெளியேறி மேலே உள்ள பாறையில் ஏறுகிறது. அந்தப் பாறை உருகும் வெப்பநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடும். மேக்மா பிறக்கும்.

இந்த இரண்டாவது வழி தமிழ்நாட்டுக்கு அறிமுகமான ஒன்றுதான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியைக் கிளப்பிய சுமத்ரா-அந்தமான் தட்டு எல்லையில் நடந்துகொண்டிருப்பது இதுவே. அங்கே தட்டு சட்டென்று நழுவினால் நிலநடுக்கமும் சுனாமியும். மெதுவாக இறங்கி ஆழத்தில் தண்ணீரை விட்டால் எரிமலை. ஒரே எல்லை, இரண்டு ஆபத்து.

மூன்றாவது, மேன்டிலின் ஆழத்திலிருந்து தூண் மாதிரி எழும்பி வரும் கூடுதல் சூடான பாறை. தட்டின் எல்லையாக இல்லாத இடத்திலும் இது நடக்கலாம். ஹவாய் தீவுகள் இப்படி வந்தவை. இந்தியாவுக்கும் இப்படி ஒன்று நடந்தது, அதைப் பிறகு பார்க்கலாம்.

உருகினால் போதுமா, வெடிப்பது ஏன்?

மேக்மா சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைவு. தண்ணீருக்குள் அமுக்கிய எண்ணெய் மாதிரி மேலே வரப் பார்க்கும். வழியில் பல இடங்களில் தேங்கும். நிறைய மேக்மா மேலே வராமலே உள்ளேயே ஆறி இறுகிவிடுகிறது. வீட்டுத் தரையில் போடும் கிரானைட் அப்படி ஆழத்தில் ஆறிய மேக்மாதான்.

மேலே வரும் மேக்மா வெடிப்பதற்குக் காரணம் அதில் கரைந்திருக்கும் வாயு. நீராவி, கார்பன் டை ஆக்ஸைடு, கந்தக வாயுக்கள் எல்லாம் அதில் இருக்கும். கோலி சோடாவை இதற்கு மிஞ்சிய உதாரணம் கிடையாது. கோலி மேலே அடைத்திருக்கும் வரை பாட்டிலுக்குள் ஒன்றும் தெரியாது, சாதாரணத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கட்டை விரலால் கோலியை உள்ளே தள்ளினதும் அழுத்தம் இறங்கி, கரைந்திருந்த வாயு குமிழ் குமிழாகப் பொங்கி வெளியே சீறும். மேக்மா தரையை நெருங்க நெருங்க அதே கதைதான். குமிழ்கள் பெருகப் பெருகக் குழம்பையும் சேர்த்து மேலே தள்ளும்.

எல்லா எரிமலையும் ஒரே மாதிரி சீறாது. குழம்பு எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்தது. அடுப்பில் பாயசம் கொதிப்பதையும் அல்வா கிண்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாயசத்தில் குமிழ் சுலபமாக வந்து உடைந்து போகும். திருநெல்வேலி அல்வா பதத்தில் குமிழ் உள்ளே மாட்டிக்கொள்ளும். திடீரென்று வெடித்து, கிண்டுகிறவர் கையில் தெறிக்கும். சிலிக்கா குறைவான பசால்ட் குழம்பு பாயசம் ரகம். ஆறு போல ஓடும், பெரும்பாலும் மக்கள் விலகி ஓட நேரம் கிடைக்கும். சிலிக்கா அதிகமான குழம்பு அல்வா ரகம். அது அடைத்துக்கொண்டு, அழுத்தம் ஏறி, மலையையே பிளக்கும்.

1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தது இந்த இரண்டாவது ரகம். அடுத்த மாதமே சென்னையில் சூரியன் பச்சை நிறத்தில் தெரிந்தது. அப்போது மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துப் பதிவு செய்தார். பிற்பாடு கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தை அமைத்து நடத்தியவர் அவரேதான்.

குற்றாலப் பாறை எங்கிருந்து வந்தது?

குற்றாலம் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, துள்ளி, மறுபடி கீழே இறங்குகிறது. ஐந்தருவி, பழைய குற்றாலம், செண்பகாதேவி, தேனருவி என்று எங்கே போனாலும் தண்ணீர் விழுவது இரும்பு போன்ற கடினமான, மிகப் பழைய பாறையில். எரிமலைக் குழம்பு ஆறியதால் வந்த பாறை இது இல்லை.

இந்த மலைத்தொடரின் தெற்குப் பகுதியில் முக்கியமான பாறை சார்னோக்கைட். அதோடு நைஸ் வகைப் பாறைகளும் கலந்திருக்கும். புதிதாக உடைத்த சார்னோக்கைட் கறும்பச்சையாக, லேசாக எண்ணெய் தடவினது போல மினுங்கும். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கொல்கத்தாவில் ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறையில் வைத்திருந்த கல், சென்னைப் பக்கத்துப் பாறை வகைதான் என்று புவியியலாளர் தாமஸ் ஹாலந்து கண்டுபிடித்தார். அவர் பெயரையே 1890களில் பாறைக்கு வைத்தார். பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளுக்கும் குற்றாலம் பக்கத்துப் பாறைகளுக்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு.

சார்னோக்கைட் போன்ற பாறைகள் தரைக்குப் பக்கத்தில் உருவாவதில்லை. தென்காசியை ஒட்டிய மலைப் பாறைகளின் கனிமங்களை ஆராய்ந்ததில் கிடைத்த கணக்கு இது: ஒரு காலத்தில் அவை சுமார் 20 கிலோமீட்டர், அதற்கும் கூடுதலான ஆழத்தில், 800 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்தவை. நடந்தது சுமார் 55 கோடி வருஷங்களுக்கு முன்பு. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் மோதி ஒட்டி, கோண்ட்வானா என்ற ஒரே பெருங்கண்டமாகச் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது.

இன்று குற்றாலத்தில் குளிக்கிறவர் கை வைக்கிற பாறை, ஒரு காலத்தில் மேலோட்டின் அடித்தளத்தில் கிடந்த பாறை. அதன் மேல் இருந்த கிலோமீட்டர் கணக்கான பாறையை மழையும் ஆறும் காற்றும் கோடிக்கணக்கான வருஷங்களாகச் சுரண்டி எடுத்துவிட்டன. இவ்வளவு சூட்டில் கிடந்தும் பெரும்பகுதி கெட்டியாகவே இருந்தது என்பதுதான் இங்கே பாடம். கொஞ்சம் உருகியது உண்மை. அந்த உருகலும் உள்ளேயே வெள்ளை, இளஞ்சிவப்புப் பட்டைகளாக உறைந்துவிட்டது.

அந்த வேக்காட்டில் இன்னொன்றும் நடந்தது. பாறையில் இருந்த தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிட்டது. சார்னோக்கைட் 'காய்ந்த' பாறை. தண்ணீர்தான் பாறையை உருக்கும் உப்பு என்று மேலே பார்த்தோம். அது இல்லாத பாறையை மறுபடி உருக்க ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். இன்று தென்காசிக்குக் கீழே, மேலோட்டின் அடிப்பகுதியில்கூட அந்தச் சூடு கிடையாது. அழுத்தத்தைக் குறைக்க விலகும் தட்டு எல்லையும் பக்கத்தில் இல்லை. தண்ணீரை இறக்கிவிடச் சொருகும் தட்டும் இல்லை. கீழிருந்து எழும் சூட்டுத் தூணும் இல்லை. எரிமலைக்கு வேண்டிய மூன்று வாசலும் மூடியிருக்கிறது.

ஆழத்தில் கிடந்ததற்கு அடையாளம் வேண்டுமென்றால், இந்தப் பக்கத்து நைஸ் பாறைகளில் மிளகாய் விதை முதல் சுண்டைக்காய் அளவு வரை சிவப்புப் புள்ளிகளைத் தேடிப் பார்க்கலாம். அது கார்னெட் என்ற கனிமம். ஆழத்து அழுத்தத்தில் வளரும். பாறை அரிக்கப்படும்போது ஆறுகள் அதைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. குற்றாலத்தில் விழும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. தென்மாவட்டக் கடற்கரை மணலில் தெரியும் சிவப்பு மினுமினுப்பு பெரும்பாலும் இந்தக் கார்னெட்தான்.

அச்சன்கோவில் பிளவு பற்றிய பயம்

செங்கோட்டையைத் தாண்டி, கேரள எல்லையில் உள்ள அச்சன்கோவிலின் பெயரில் ஒரு புவியியல் மண்டலம் இருக்கிறது. அச்சன்கோவில் வெட்டு மண்டலம் என்று சொல்வார்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, தென்காசி வட்டாரம் வழியாக நெல்லைச் சீமைப் பக்கம் நீள்கிறது. இதன் இரண்டு பக்கமும் இரண்டு வேறு பாறைத் தொகுதிகள். "பூமியில் விரிசல் இருக்கிறது, அது வழியாக லாவா வரும்" என்று யூடியூப்பில் பேசுகிறவர்கள் கையில் எடுப்பது இதைத்தான்.

இது தழும்பு, புண் இல்லை. கோண்ட்வானா ஒட்டிய காலத்தில் ஆழத்தில் பாறைகள் ஒன்றோடொன்று உரசி நசுங்கிய இடம். 50 கோடி வருஷத்துக்கு முன்பே ஆறிப்போனது. இப்படிப்பட்ட பழைய பலவீனமான கோடுகளை ஒட்டி எப்போதாவது சின்ன நில அதிர்வு வரலாம். தென்னிந்தியா அதிர்வே இல்லாத பூமி இல்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் சுமார் 6 அளவுக்கு நிலநடுக்கம் வந்திருக்கிறது. ஆனால் நிலநடுக்கம் வந்தால் பின்னாலேயே எரிமலை வரும் என்பது சரியல்ல. விரிசல் என்பது வெறும் குழாய். குழாயில் வருவதற்குக் கீழே மேக்மா இருக்க வேண்டும்.

அதே மலைத்தொடர், வேறு பிறப்பு

வேடிக்கை என்னவென்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபாதி முழுக்க எரிமலைக் குழம்பினால் ஆனது. மகாராஷ்டிராவில் மகாபலேஷ்வர் பக்கம் மலைகளைப் பார்த்தால் படிக்கட்டு அடுக்கினது போல இருக்கும். ஒவ்வொரு படியும் லாவா ஓடி ஆறிய அடுக்கு. சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன்பு, தரையில் நீளமான வெடிப்புகள் வழியாகப் பசால்ட் குழம்பு அலை அலையாகப் பாய்ந்தது. தக்காணப் பீடபூமியில் இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியிருக்கிறது. சில இடங்களில் தடிமன் 2 கிலோமீட்டருக்கும் மேல். அஜந்தாவும் எல்லோராவும் அந்த எரிமலைப் பாறையில் குடைந்தவை.

ஆக, சஹ்யாத்ரியில் ஏறும் புனேக்காரர் எரிமலைப் பாறையில் நடக்கிறார். திரிகூட மலையில் ஏறும் தென்காசிக்காரர் அப்படி இல்லை. வரைபடத்தில் ஒரே மலை, கதை வேறு.

தக்காணக் குழம்பைக் கக்க வைத்த சூட்டுத் தூண் எங்கே போனது? தூண் அங்கேயே இருக்கிறது. இந்தியத் தட்டுதான் வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. அந்தத் தூண் இன்று இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அங்கே பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை அடிக்கடி வெடித்துக்கொண்டே இருக்கிறது. 2007ல் அதன் உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இடிந்து விழுந்தது. அதே தீவில்தான் 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் கோயில் கட்டி தீமிதி நடத்துகிறார்கள். எரிமலைக்குப் பக்கத்திலேயே வாழும் தமிழ் வம்சாவளியினர் இவர்கள். சுமத்ராவின் மேடான் நகரத் தமிழர்கள் இன்னொரு கூட்டம். அவர்கள் ஊருக்குத் தென்மேற்கே உள்ள சினாபுங் எரிமலை, பல நூறு வருஷ உறக்கத்துக்குப் பிறகு 2010ல் விழித்துக்கொண்டது. 2014லும் 2016லும் உயிர்களைப் பறித்தது.

இந்தியாவில் இப்போது வெடிக்கும் எரிமலை

ஒன்றே ஒன்று. அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பேரன் தீவு. போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். தீவின் அகலம் 3 கிலோமீட்டர்தான் இருக்கும், உச்சி சுமார் 350 மீட்டர். ஆனால் கடலுக்குள் அதன் அடிவாரம் 2 கிலோமீட்டருக்கும் கீழே. நாம் பார்ப்பது ஒரு பெரிய மலையின் நுனியை மட்டும்.

1787ல் வெடித்ததாக முதல் பதிவு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிறகு அமைதியாகிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து 1991ல் மறுபடி வெடித்தது. 2005க்குப் பிறகு விட்டுவிட்டுப் புகைந்தும் கக்கியும் வருகிறது. 2017 ஜனவரியில் ஆய்வுக் கப்பலில் போன தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் நேரிலேயே பார்த்தார்கள். 2025 செப்டம்பரிலும் இரண்டு முறை லேசாக வெடித்தது. அங்கே மனிதக் குடியிருப்பு இல்லை. மேலே சொன்ன இரண்டாவது வழிக்கு இது நேரடி உதாரணம்: அந்தமானுக்கு மேற்கே தட்டு இறங்குகிறது, கிழக்கே எரிமலை எழுகிறது. நார்கொண்டம் தீவும் இதே வரிசைதான், ஆனால் அது உறங்கும் எரிமலை.

தென்காசியிலிருந்து அங்கே போக வங்காள விரிகுடாவைக் கடக்க வேண்டும். அங்கே நடக்கும் வெடிப்பு இங்கே தரை வழியாகப் புகையாகக் கிளம்ப வழியே இல்லை.

அப்படியென்றால் தரையில் உருகி வழிந்தது என்ன?

மேக்மா மேலே வர வேண்டுமென்றால் பல கிலோமீட்டர் குளிர்ந்த பாறையைத் தாண்டி வர வேண்டும். கையளவு, வாளியளவு குழம்பு அவ்வளவு தூரம் வரவே முடியாது, வழியிலேயே உறைந்துவிடும். உண்மையான வெடிப்புக்கு முன்னால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சின்னச் சின்ன நில அதிர்வுகள் கூட்டமாக வரும், தரை உப்பும், கந்தக வாயு கசியும். பிலிப்பைன்ஸில் 1991ல் பினாட்டுபோ வெடிப்பதற்கு முன்பு இந்த அறிகுறிகளை வைத்துத்தான் பல்லாயிரக்கணக்கானவர்களை வெளியேற்ற முடிந்தது. ஒரு வயல் வரப்பில் மட்டும், ஒரே ஒரு நாள், முன்னறிவிப்பே இல்லாமல் குழம்பு வந்தால் அது எரிமலை வேலை இல்லை.

சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு மின்கம்பமோ, அறுந்த கம்பியோ, பழுதான இன்சுலேட்டரோ இருக்கும். உயரழுத்த மின்சாரம் தரையில் இறங்கி வில் போல எரியும்போது அந்த இடத்தில் சூடு ஆயிரக்கணக்கான டிகிரிக்குப் போகும். மண்ணும் கல்லும் உருகிக் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகும். மின்னல் தாக்கிய மணலிலும் இதே போல் கண்ணாடிக் குழாய்கள் உண்டாகும்.

கம்பி தரையில் விழுந்தால் ஃபீடர் தானாக 'ட்ரிப்' ஆகிவிடுமே என்று கேட்கலாம். ஈரமான மண் என்றால் அப்படி ஆக வாய்ப்பு அதிகம். காய்ந்த பாறைத் தரை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பாயும் கரண்ட் குறைவாக இருப்பதால், பாதுகாப்புக் கருவி அதைக் கோளாறு என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். லைன் உயிரோடு இருக்கும், தரை வெந்துகொண்டே இருக்கும். பார்க்க வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். ஆபத்து இங்கேதான்.

தரைக்குள் மின்சாரம் பாயும்போது குழியிலிருந்து தள்ளித் தள்ளி மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஒரு கால் ஓரிடத்திலும் இன்னொரு கால் ஒரு அடி தள்ளியும் இருந்தால், இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வித்தியாசம் உடம்பு வழியாகப் பாயும். கம்பியைத் தொடவே வேண்டாம். ஆடு மாடுகளுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். அதனால்தான் அறுந்த கம்பிக்குப் பக்கத்தில் மேயப் போன மாடு முதலில் சுருண்டு விழுகிறது.

தரை புகைந்தாலோ, உருகி வழிந்தாலோ குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஏற்கெனவே பக்கத்தில் இருப்பவர் ஓடக் கூடாது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல், தேய்த்துத் தேய்த்துச் சின்ன அடியாக நகர்ந்து வெளியே வர வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. குச்சியால் கிளறக் கூடாது. மாடு விழுந்து கிடந்தாலும் மின்சாரம் நிறுத்தப்படும் வரை கிட்டே போகக் கூடாது. மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைத் தூரத்திலிருந்து படிக்க முடிந்தால் அதையும் சொன்னால், எந்த லைனை நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். வீடியோ எடுப்பது அதற்குப் பிறகு, அதுவும் தள்ளி நின்று.